ஊசி மீட்டரா, டிஜிட்டல் மீட்டரா: டிஷ் வேலைக்கு எதை வாங்குவது?

அக்கா மகன் உசிலம்பட்டியில் கேமரா மாட்டுகிற வேலை செய்கிறான். ஏணி இருக்கிறது, டிரில்லிங் மெஷின் இருக்கிறது, மொட்டை மாடி ஓரத்தில் நிற்கப் பயமும் இல்லை. அதனால் கேமரா மாட்டப் போகிற வீட்டிலெல்லாம் "அப்படியே அந்த டிஷ்ஷையும் ஒரு பார்வை பாத்துருப்பா" என்கிறார்களாம். போன மாதம் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, டிபி மீட்டர் ஒண்ணு வாங்கணும். முந்நூறு ரூபாய்க்கும் இருக்கு, நாலாயிரத்துக்கும் இருக்கு, லட்ச ரூபாய்க்கும் இருக்கு. எல்லாமே சிக்னலைத்தானே காட்டுது? எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?"

டிபி மீட்டர் என்பது டிஷ்ஷைத் திருப்பிப் பூட்டும்போது சிக்னலை அளந்து காட்டுகிற கருவி, டிபி என்றால் டெசிபல் என்கிற அளவு. அரை மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சொன்னதையும், போனை வைத்த பிறகு 'அடடா, இதை விட்டுவிட்டோமே' என்று நினைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மதுரைப் பக்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை எந்த மீட்டர் வேண்டும் என்கிற கணக்கு பெரிதாக மாறாது, டிஷ்ஷின் கோணம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

முதலில், மீட்டரே இல்லாமல் ஓட்டுகிற வழி. செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை இருக்கும். ஒருவர் கீழே டிவி முன்னால் நிற்பார், ஒருவர் மேலே டிஷ்ஷைப் பிடித்திருப்பார். "வந்துச்சா?" "இன்னும் இல்ல!" "இப்ப?" "வந்துச்சு... போயிருச்சு!" ஆன்டெனா காலத்திலிருந்து நம் வீடுகளில் இந்த வசனம் மாறவில்லை. எண்பதுகளில் தென்மாவட்டங்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்க்க உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டித் திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும்.

அந்தக் காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. அனலாக் படத்தில் டிவியே ஒரு மீட்டர். சிக்னல் குறைந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி விழும், இன்னும் குறைந்தால் நிறம் போகும். திருப்பத் திருப்பப் படம் தெளிவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த வசதி போய்விட்டது. படம் முழுசாக வரும், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது.

என்னைப் பொறுத்தவரை மீட்டர் வாங்குவதற்கான முழுக் காரணமும் இதில் அடங்கிவிடுகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். டிவிபி-எஸ்2 என்கிற புதிய சாட்டிலைட் டிவி முறையில், 8பிஎஸ்கே, 3/4 என்கிற அமைப்பில் வருகிற அலைவரிசையைப் பிரித்தெடுக்க, இரைச்சலை விட சிக்னல் ஏறக்குறைய 8 டெசிபல் மேலே இருக்க வேண்டும். இதைத்தான் மீட்டரில் சி/என் என்று போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் டிஷ்ஷை 9 டெசிபலில் பூட்டுகிறீர்கள். பக்கத்து வீட்டில் அதே டிஷ், அதே எல்என்பி (டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்குகிற சின்னப் பெட்டி), 13 டெசிபலில் பூட்டுகிறீர்கள். வெயில் நாளில் இரண்டு வீட்டிலும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐப்பசி மழை கனமாக இறங்கும்போது முதல் வீட்டுக்குக் கையில் இருப்பது 1 டெசிபல், இரண்டாவது வீட்டுக்கு 5. முதல் வீட்டுக்காரர்தான் உங்களுக்குப் போன் செய்வார். 'மழை வந்தா டிஷ் அப்படித்தான்' என்று சொல்லிச் சமாளிக்கிற வேலையில் பாதி, உண்மையில் சரியாகப் பூட்டாத வேலை.

பாக்ஸின் பட்டையை வைத்து இந்த 9-ஐயும் 13-ஐயும் பிரித்துப் பார்க்க முடியுமா? கொஞ்சம் முடியும், ஆனால் சிரமம். பல பாக்ஸ்களில் அது வெறும் சதவீதம். ஒரு கம்பெனி பாக்ஸில் 70 என்பது இன்னொன்றில் 90 ஆக இருக்கும். அதோடு பட்டை நகர ஒரு நொடி, இரண்டு நொடி தாமதமாகும். அதற்குள் உங்கள் கை சரியான இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு டிஷ், வருடத்துக்கு ஒரு தடவை காற்றில் அசைந்தால் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றால் மீட்டருக்குக் காசு போடாதீர்கள். பாக்ஸையும் ஒரு சின்ன மானிட்டரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, ஒரு சுண்டுவிரல் அளவு திருப்பு, மூன்று எண்ணு, பட்டையைப் பார், மறுபடி திருப்பு. ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும், உங்கள் வீடுதானே.

அடுத்தது முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஊசி மீட்டர். உள்ளங்கை அளவுப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, மேலே 0 முதல் 10 வரை ஊசி, உள்ளே ஒரு விசில். எல்என்பியிலிருந்து வரும் வயரை ஒரு பக்கம், பாக்ஸுக்குப் போகும் வயரை மறுபக்கம் மாட்ட வேண்டும். அதற்குத் தனியாக பேட்டரி கிடையாது. பாக்ஸ் அனுப்புகிற 13 அல்லது 18 வோல்ட்தான் அதற்குச் சாப்பாடு. பாக்ஸ் ஆனில் இருந்தால்தான் ஊசி அசையும்.

இதற்கு ரசிகர்கள் உண்டு, நானும் ஒருவன். உச்சி வெயிலில் எந்த எல்சிடி திரையும் தெரியாது. ஊசியின் விசில் கேட்கும். திருப்பினால் உடனே ஏறும், உடனே இறங்கும், தாமதமே இல்லை. கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் அது அளக்கிறது என்ன என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் அது உங்களை ஏமாற்றும். எல்என்பி வானத்திலிருந்து வருகிற உயர் அதிர்வெண்ணை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி வயரில் அனுப்புகிறது. உதாரணமாக 11,000 மெகாஹெர்ட்ஸில் வருவதிலிருந்து எல்என்பிக்குள் இருக்கும் 9750 கழிந்து, 1250 ஆக உங்கள் வயரில் ஓடும். ஊசி மீட்டர் அந்த 950 முதல் 2150 வரை உள்ள எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டி 'இவ்வளவு சக்தி' என்று காட்டுகிறது. அதில் எது உங்களுக்கு வேண்டிய சாட்டிலைட், எது பக்கத்து சாட்டிலைட், எது வெறும் இரைச்சல் என்று அதற்குத் தெரியாது.

இரைச்சலா என்றால், ஆமாம். டிஷ் மாட்டும் தொழிலுக்கு வந்த முதல் வருடம் நான் இதில் மாட்டியிருக்கிறேன். வெளிநாட்டுப் படம் ஒன்றில் டிஷ் நெட்டுக்குத்தலாக நிற்பதைப் பார்த்து, நம்மூரிலும் அப்படியே நிறுத்தினேன். ஊசி ஏறியது, விசில் வீறிட்டது, நட்டுகளை இறுக்கிவிட்டுக் கீழே வந்தேன். டிவியில் 'நோ சிக்னல்'. மறுபடி ஏறிப் பார்த்தால் டிஷ் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டியை. காரணம் பின்னால்தான் புரிந்தது. வெறும் வானம் குளிர்ச்சி, அதிலிருந்து எல்என்பிக்கு வரும் இரைச்சல் குறைவு. சுவர், தொட்டி, தரை எல்லாம் சூடு, அவற்றிலிருந்து வரும் இரைச்சல் அதிகம். ஊசி அந்தச் சூட்டைத்தான் சிக்னல் என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. எல்என்பி முன்னால் உள்ளங்கையை வைத்தாலே சில நேரம் ஊசி ஏறும், வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

நம்மூர் வானத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த மீட்டர் போதும் என்பதை முடிவு செய்வது அதுதான். சாட்டிலைட்டுகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஆளுக்கொரு தீர்க்கரேகையில் நிற்கின்றன. டாடா ப்ளே 83 டிகிரி கிழக்கில், டி2எச் 88-இல், சன் டைரக்டும் தூர்தர்ஷனின் இலவச டிடி ஃப்ரீ டிஷ்ஷும் 93.5-இல், டிஷ் டிவி 95-இல், ஏர்டெல் 108.2-இல். மதுரையிலிருந்து 93.5-ஐப் பார்க்க வடக்கிலிருந்து வலப்பக்கமாக 122 டிகிரி திரும்ப வேண்டும், கிட்டத்தட்ட தென்கிழக்கு. தரையிலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். 83-க்கு இன்னும் மேலே, 77 டிகிரி. தலைக்கு நேர் மேலே என்றே சொல்லலாம். 108.2-க்குத்தான் கொஞ்சம் தாழ்ந்து 53.

இவ்வளவு உயரத்தில் பார்ப்பதால் ஒரு வசதி உண்டு. 77 டிகிரி ஏற்றத்தில் இருக்கும் டிஷ்ஷைக் கம்பத்தில் 10 டிகிரி பக்கவாட்டில் திருப்பினாலும், அதன் பார்வை வானத்தில் 2 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நகரும். 69 டிகிரி ஏற்றத்தில் 3.6. அதனால் திசையைக் கண்டுபிடிக்க மொபைலில் இருக்கும் காம்பஸ் ஆப்பே நம்மூரில் தாராளமாகப் போதும். ஐந்து டிகிரி தப்பாகக் காட்டினாலும் பெரிதாகக் கெடாது. மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் சரி. ஏற்ற இறக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு டிகிரி என்றால் ஒரு டிகிரிதான். கம்பம் சாய்வாக இருந்தால் அந்தத் தப்பும் நேராக இதில் வந்து விழும். எனவே எந்த மீட்டர் வாங்கினாலும், அதற்கு முன்னால் நூறு ரூபாய்க்கு ஒரு ரசமட்டம் வாங்குங்கள் என்பேன். கொத்தனாரிடம் இருக்குமே, அதே ரசமட்டம்தான்.

வசதியைச் சொன்னேன், சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 93.5-க்கும் 95-க்கும் இடையில் ஒன்றரை டிகிரிதான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே சுமார் 3 டிகிரி. ஊசி மீட்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரி விசிலடிக்கும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பூட்டிவிட்டு, படம் வருகிறது என்று இறங்கி வந்துவிடலாம். வெயிலில் படமும் வரும்!

இன்னொன்று எல்என்பியைத் திருகுவது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு டெல்லிக்காரர்களை விட எல்என்பியைச் சாய்த்து வைக்க வேண்டிய கோணம் அதிகம். சாட்டிலைட் அலைகள் நெடுக்கு, கிடை என்று இரண்டு துருவத்தில் வரும். தப்பாகத் திருகினால் மற்றத் துருவத்தில் வரும் சிக்னல் கலந்து குவாலிட்டி விழும். ஊசி மீட்டரில் இது தெரியவே தெரியாது. நெடுக்கில் குறைந்தது கிடையில் சேரும், கூட்டுத்தொகை அப்படியே இருக்கும், ஊசி ஆடாமல் நிற்கும்.

பெரிய டிஷ் வைத்து சி-பேண்ட் என்கிற தாழ்ந்த அலைவரிசைகளைப் பார்ப்பவர்களுக்கு 2022-க்குப் பிறகு புதுத் தலைவலி ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த வருடம் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்கு ஏலம் விட்டார்கள். சாட்டிலைட் டிவி 3700-க்கு மேலே. ஆனால் பழைய எல்என்பி பலவும் 3400-லிருந்தே கேட்கும். பக்கத்தில் 5ஜி டவர் வந்தால் எல்என்பி திணறிப்போய் ஒரு சேனலும் வராது. அப்போது ஊசி மீட்டரை மாட்டிப் பாருங்கள், முழுசாக 10-இல் போய் நிற்கும். சிக்னல் அமோகம், படம் பூஜ்யம். பிரச்சினை டிஷ்ஷில் இல்லை, 5ஜியை வடிகட்டுகிற எல்என்பி வேண்டும் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வேறு மீட்டர் வேண்டும்.

அந்த வேறு மீட்டர்தான் நடு வகை. மூவாயிரத்திலிருந்து ஏழெட்டாயிரம் வரை விலை. உள்ளே பேட்டரி இருக்கும், எல்என்பிக்குத் தானே மின்சாரம் கொடுக்கும், பாக்ஸ் தேவையில்லை. முக்கியமான விஷயம், உள்ளே ஒரு ட்யூனர் இருக்கிறது. சாட்டிலைட்டைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசை, சிம்பல் ரேட் (அதில் தகவல் வருகிற வேகம்), துருவம் கொடுத்தால், அந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்தால் 'லாக்' விளக்கு எரியும். தண்ணீர்த் தொட்டி ஒருநாளும் லாக் ஆகாது.

நம் பக்கம் அதிகம் புழங்குவது சாட்லிங்க், ஜிடிமீடியா மாதிரியான சீன மீட்டர்கள். வாங்கும்போது ஒரு பெரிய குழி இருக்கிறது, அதில் விழாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மாடல்களில் சில பழைய டிவிபி-எஸ் மட்டும் படிக்கும். சாட்லிங்க் 6906 அப்படித்தான், 3.5 அங்குலத் திரையில் படமே காட்டும், ஆனால் எஸ்2 தெரியாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷின் பல சேனல்கள் பழைய டிவிபி-எஸ் முறையில் வருவதால் அதற்கு இது சரியாக வேலை செய்யும். எஸ்2-வில் வருகிற அலைவரிசையைக் கொடுத்தால், டிஷ் நூல் பிடித்த மாதிரி சரியாக இருந்தாலும் லாக் ஆகாது. நீங்கள் மாடியில் நின்று உங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். 6933 திரை சின்னது, படம் காட்டாது, ஆனால் எஸ்2 படிக்கும். என்னைக் கேட்டால் படம் காட்டாத எஸ்2 மீட்டர், படம் காட்டுகிற எஸ் மீட்டரை விட எவ்வளவோ மேல். கட்டணச் சேனல்கள் எப்படியும் பூட்டுப் போட்டுத்தான் வரும், படத்தை வைத்து என்ன செய்யப்போகிறோம்?

இந்த வகையில் திரையில் மூன்று எண் பார்க்கலாம். பலரும் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது பவர் அல்லது லெவல். சில மீட்டர் இதை மைனஸில் டிபிஎம் என்று காட்டும், சிலது டிபி மைக்ரோவோல்ட்டில் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 109. 60 டிபி மைக்ரோவோல்ட் என்றால் மைனஸ் 49 டிபிஎம். பாக்ஸுகள் மைனஸ் 65-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் எது வந்தாலும் சாப்பிட்டுவிடும், அதனால் லெவலைத் துரத்த வேண்டியதே இல்லை. வயர் நீளமானால் லெவல் குறையும். ஆர்ஜி6 வயரில் 30 மீட்டருக்கு 6 முதல் 9 டெசிபல் வரை போகும். ஆனால் அதில் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே குறைவதால் குவாலிட்டி பெரும்பாலும் அப்படியே இருக்கும். குவாலிட்டி மோசமாக இருக்கிறது என்று நடுவில் பூஸ்டர் மாட்டுகிறவர்கள் இரைச்சலையும் சேர்த்துத்தான் பூஸ்ட் செய்கிறார்கள்.

இரண்டாவது எண் சி/என் அல்லது குவாலிட்டி. உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் இதுதான். டெசிபலில் காட்டுகிற மீட்டராகப் பார்த்து வாங்குங்கள், வெறும் சதவீதம் வேண்டாம். மூன்றாவது பிட் பிழை, பிஇஆர் என்று இருக்கும். அது குறையக் குறைய நல்லது. இந்த விலை மீட்டரில் அதை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாங்கின பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குள் போகிற பழைய வயரை மாட்டாமல், கையோடு ஒரு மீட்டர் நீளத் துண்டு வயரை இரண்டு பக்கமும் நல்ல பின் போட்டு வைத்துக்கொண்டு, எல்என்பியிலிருந்து நேராக மீட்டருக்கு மாட்டுங்கள். வயரில் கோளாறா, டிஷ்ஷில் கோளாறா என்று அப்போதே பிரிந்துவிடும். டிஷ் முன்னால் நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள். ஏற்றத்தை முதலில் கணக்குப்படி வைத்துவிட்டு, பக்கவாட்டில் மெதுவாக நகர்த்துங்கள். லாக் ஆனதும் சி/என் மட்டும் பாருங்கள். வலப்பக்கம் ஒரு டெசிபல் குறையும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு டெசிபல் குறையும் இடத்தில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஏற்றத்துக்கும் அப்படியே. கடைசியாக எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். நட்டை இறுக்கும்போதும் மீட்டர் மாட்டியிருக்கட்டும். பல டிஷ்கள் கடைசி இறுக்கலில்தான் அரை டெசிபல் நகர்ந்துவிடுகின்றன. எல்லாம் முடிந்து ஒரு ஈரத்துண்டை எடுத்து எல்என்பி முகத்தில் போர்த்திப் பார்க்கலாம். சி/என் எவ்வளவு இறங்கினாலும் லாக் போகாமல் நின்றால் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் அந்த வீடு தாங்கும் என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். துண்டு எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்துத்தான், இது துல்லியமான சோதனை இல்லை.

குறைகளும் உண்டு. நடுப்பகலில் திரை தெரியாது. நான் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மூடி செய்து வைத்திருக்கிறேன். உள்ளே ஏற்றி வரும் சாட்டிலைட் பட்டியல் பாதிக்குப் பாதி பழசு, நமக்குச் சம்பந்தமில்லாத ஐரோப்பிய சாட்டிலைட்டுகள் நிறைய. நம்முடையதை நாமே ஒருநாள் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். எல்என்பிக்கும் தீனி போடுவதால் பேட்டரி பெட்டியில் எழுதியிருக்கிற நேரம் நிற்காது. என்னுடையது இரண்டரை மணி நேரம். பின் மாட்டுகிற வாய்தான் முதலில் தேயும். புதிதாக வாங்கிய அன்றே ஒரு சின்ன இணைப்புத் துண்டை அதில் நிரந்தரமாகத் திருகி விட்டுவிடுங்கள். தேய்ந்தால் பத்து ரூபாய் துண்டு தேயட்டும், மீட்டரின் வாய் தேய வேண்டாம்.

மேல் வகையைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் என்னிடம் அது இல்லை. இரவலுக்கு வாங்கி வேலை பார்த்திருக்கிறேன். ஸ்பெயினின் டெலிவெஸ், ப்ரோமேக்ஸ், இத்தாலியின் ரோவர் போன்றவர்கள் செய்வது. விலை லட்சத்தை எட்டும், தாண்டும். முழு அலைவரிசையையும் மலை மலையாக வரைந்து காட்டும். 5ஜி தொந்தரவு எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். லெவல் எண்ணை நம்பலாம், ஏனென்றால் அளவு திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே டிஷ்ஷிலிருந்து 40 வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற அபார்ட்மென்ட் வேலை, லாட்ஜ் வேலை எடுத்து, ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு லெவல் போகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் இது தேவை. மாதத்துக்கு ஒரு அபார்ட்மென்ட் என்றால் தெரிந்தவரிடம் நாள் வாடகைக்கு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். நடுத்தர மீட்டர் சிலவற்றிலும் ஸ்பெக்ட்ரம் திரை என்று போட்டிருப்பார்கள். அது மெதுவாக ஊர்ந்து வரைகிற கோடு, 5ஜி மாதிரி நிலையாக நிற்கிற தொந்தரவைக் கண்டுபிடிக்கப் போதும், மற்றதற்கு இல்லை.

டிஷ்ஷும் வேண்டும், கேபிளும் வேண்டும், கம்பத்து ஆன்டெனாவும் வேண்டும் என்று மூன்றும் சேர்த்த 'காம்போ' மீட்டர் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கிறது. கேபிள் ஆபரேட்டர் வேலையும் பார்ப்பவருக்கு அதில் இருக்கும் டிவிபி-சி பயன்படும். தரைவழி டிவிபி-டி2 நம்மூர் வீடுகளில் புழக்கத்தில் இல்லாததால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். இலங்கையில் ஆன்டெனா வேலை பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே டிஜிட்டலுக்குத் தேர்ந்தெடுத்திருப்பது ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறை. டி2 காம்போ அதைப் படிக்காது. அனலாக் அலையின் லெவலை டிபி மைக்ரோவோல்ட்டில் காட்டுகிற எளிய மீட்டரே யாழ்ப்பாணத்து யாகி ஆன்டெனாவுக்கு அதிகம் உதவும்.

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்? அவன் மனசு ஊசி மீட்டர் பக்கம் இருந்தது. "நம்ம கையில பழக்கம் வந்துட்டா அதுவே போதாதா மாமா?" பழக்கம் வந்தவர்கள் அதை வைத்துப் பிரமாதமாகச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பத்து வருடமாக ஒரே கம்பெனியின் டிஷ்ஷை மட்டும் மாட்டுகிறவர்கள். வானத்தில் அந்த இடம் எது என்று அவர்கள் தோளுக்கே தெரியும். இன்றைக்கு ஃப்ரீ டிஷ், நாளைக்கு ஏர்டெல், அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய சி-பேண்ட் குடை என்று மாறி மாறிப் போகிறவனுக்கு, 'நீ பிடித்திருப்பது இந்த சாட்டிலைட்' என்று சொல்கிற கருவி வேண்டும். எஸ்2 படிக்கிற, சி/என்-ஐ டெசிபலில் காட்டுகிற, லாக் ஆனால் சத்தம் கொடுக்கிற நடு வகை ஒன்று. அதோடு பையில் ஒரு ஊசி மீட்டர், முந்நூறு ரூபாய்தானே, பேட்டரி தீர்ந்த அன்றைக்கு ஆகும். வாங்கின வாரத்திலேயே நன்றாக ஓடுகிற ஒரு டிஷ்ஷில் மாட்டிப் பார்த்துவிடச் சொன்னேன். முன்பு நான் வாங்கிய ஒன்றில் 18 வோல்ட்டே வரவில்லை. நெடுக்குத் துருவம் மட்டும் பிடித்தது, கிடை பிடிக்கவில்லை. மாற்றிக் கேட்கப் போனபோது திருப்பிக் கொடுக்கிற நாள் கடந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கருமாத்தூர்ப் பக்கம் ஒரு மாடியிலிருந்து கூப்பிட்டான். காற்று இரைச்சலுக்கு நடுவில் மீட்டரின் 'பீப்' எனக்கே கேட்டது.

"மாமா, 93.5 லாக் ஆயிருச்சு. பன்னெண்டு புள்ளி ஒண்ணு காட்டுது. இறுக்கிறவா?"

"எல்என்பியைத் திருகிப் பாத்தியா?"

"இல்ல."

"திருகு."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். அப்புறம் ஸ்பானர் எங்கேயோ கீழே விழுந்த சத்தம்.

"பதிமூணு புள்ளி நாலு மாமா."